கருங்குவளை எது? சமயபுரத்து நீலப்பூ ஒன்றின் வரலாறு

கொள்ளிடத்தின் வடகரையில், திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த சமயபுரத்தை மாரியம்மன் கோயிலைக் கொண்டு நாடு அறியும். வரலாறு பயில்வோர்க்கோ அவ்வூர் கண்ணனூர் என்னும் பழம்பெயரால் அறிமுகமானது. 13ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் வீர சோமேசுவரன் தமிழகத்தில் அமைத்த தலைநகரம் அது. ஹிஜ்ரி 743, கி.பி. 1342 அளவில் மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானீக்கும் மூன்றாம் வல்லாளனுக்கும் நடந்த பெரும்போரும் அவ்விடத்தையே சார்ந்தது. பயணி இப்னு பதூதா அக்கோட்டையைக் 'குப்பான்' என்று குறிக்கிறார். அந்தக் குப்பான் கண்ணனூர்க் கொப்பமே என அறிஞர் முடிவு செய்தது ஒலியொற்றுமையை மட்டும் நம்பி அன்று. முற்றுகையின் போக்கு, ஆற்றின் இருப்பு, மதுரைக்குச் செல்லும் வழி ஆகியவற்றையும் ஒப்புநோக்கியே அம்முடிவுக்கு வர முடிந்தது. பெயர் வழிகாட்டும், இடந்தான் உறுதி செய்யும். ஓர் ஊருக்குப் பொருந்தும் இந்த நெறி ஒரு பூவுக்கும் பொருந்துவதை அதே ஊரின் வயலோரத்தில் நின்றபோது உணர்ந்தேன். இக்கட்டுரைக்குக் காரணம் அதுவே.

சம்பாப் பயிர் வளர்ந்து நின்ற ஒரு கார்த்திகைக் காலையில், பெருவளை வாய்க்காலை ஒட்டிய வயலின் மூலையில், நெற்பயிர்களுக்கு இடையே நீலநிறப் பூங்கொத்து ஒன்று தலைகாட்டிற்று. உடன்வந்த நண்பர், தமிழில் நல்ல புலமை உடையவர், 'இதுதான் கருங்குவளை' என்றார். எனக்கு ஐயம் எழுந்தது. குவளை குளத்துப் பூ என்றே கற்றிருந்தேன். அகன்ற இலை நீர்மேல் மிதக்க, நீண்ட தண்டின் நுனியில் ஒற்றைப் பூவாக விரிவது அது. இங்கே கண்டதோ முழங்காலளவு உயரச் செடி. இதய வடிவ இலை நிமிர்ந்து நின்றது. பூக்கள் கொத்தாக இருந்தன. இரண்டில் எது கருங்குவளை? சிறு வினாதான். அதற்கு விடை தேடப் புகுந்தபோது பாக்தாதும் மலபாரும் ஆம்ஸ்டர்டாமும் ஆற்காட்டு நவாபின் அரசவையும் குறுக்கே வந்தன.

தமிழ்ப் புலவோர் நீர்ப்பூக்களைக் கூர்ந்து நோக்கியவர்கள். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை எண்ணும் கபிலர் ஆம்பல், குவளை, நெய்தல் ஆகிய மூன்றையும் தனித்தனியே எண்ணுகிறார். அவர் காலத்தில் இம்மூன்றும் கண்ணால் பிரித்தறியத்தக்கனவாக இருந்தன என்பது இதனால் போதரும். பிற்காலத்து நிகண்டுகளும் உரைகளும் இப்பெயர்களை ஒன்றோடொன்று மயங்க வைத்தன. நெய்தலும் குவளையும் ஒரே செடியின் இரு பெயரா, இரு செடிகளா என்னும் வழக்கு இன்றும் தீரவில்லை. பி.எல். சாமி அவர்கள் 1967இல் வெளியிட்ட 'சங்க இலக்கியத்தில் செடி கொடி விளக்கம்' இத்துறையில் முன்னோடியான நூல். புலவர் மேசையில் இருந்த பூக்களை மீண்டும் குளத்துக்குக் கொண்டுசென்று பார்த்தவர் அவர் எனலாம்.

நீலக் குவளையின் பெயர் தமிழ் எல்லையோடு நின்றுவிடவில்லை. வடமொழி அதனை நீலோற்பலம் என்றது. அச்சொல் பாரசீகத்தில் நீலூஃபர் ஆயிற்று. அரபியில் அதே வடிவோடு புகுந்து, இலத்தீன் மருத்துவ நூல்களில் நெனுஃபார் எனத் திரிந்து, இன்றும் பிரெஞ்சு மொழியில் நீரல்லிக்குப் பெயராக வழங்குகிறது. இந்தியக் குளத்தில் பிறந்த சொல் முஸ்லிம் மருத்துவர்களின் கை வழியாக ஐரோப்பாவை அடைந்தது. இப்னு ஸீனா (மறைவு ஹிஜ்ரி 428, கி.பி. 1037) தம் 'அல்-கானூன்' நூலின் தனிமருந்துப் பகுதியில் நீலூஃபரைச் சேர்த்துள்ளார். குளிர்ச்சியும் ஈரமும் அதன் இயல்பு என்பது மருத்துவர் கொள்கை. யூனானி மருத்துவர்கள் இன்றும் அதன் ஷர்பத்தைக் காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் தருகின்றனர்.

சொல் பயணம் செய்ததைப் போலப் பூ பயணம் செய்யவில்லை. சிக்கல் அங்கேதான் தோன்றியது. மேலை நாட்டுக் குளங்களில் பெரும்பாலும் இருந்தது வெள்ளை அல்லி. நைல் ஆற்றுப் படுகையிலோ வேறொரு நீல அல்லி வளர்ந்தது. ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் குளத்தில் கிடைத்ததை நீலூஃபர் என்றனர். ஆதலின் யூனானி மருந்து நூல்கள் சில 'குலே நீலோஃபர்' என்பதற்கு வெள்ளை அல்லியைக் கூறுகின்றன. வேறு சில இந்திய நீல அல்லியைக் கூறுகின்றன. திருச்சியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கேட்டபோது, பழுப்பேறிச் சுருண்ட இதழ்களை ஒரு காகிதப் பொட்டலத்தில் தந்தார்கள். நீலமா வெள்ளையா என்று கேட்டேன். 'காய்ந்தபின் எல்லாம் ஒன்றுதான்' என்றார் கடைக்காரர். ஒருவகையில் அவர் கூறியது உண்மை. நீர்ப்பூக்களின் நிறம் உலர்த்தலில் நிலைப்பதில்லை.

நம் முன்னோர் இதனை உணராதவர் அல்லர். அத்-தீனவரீ (மறைவு ஹிஜ்ரி 282, கி.பி. 895) தம் 'கிதாபுந் நபாத்' நூலில் செடிகளின் பெயரோடு, அவை முளைக்கும் மண்ணையும் பாலைவன மக்களின் வழக்குச் சொற்களையும் சேர்த்துத் தொகுத்தார். அல்-பீரூனீ (மறைவு ஹிஜ்ரி 440, கி.பி. 1048) மருந்துகளைப் பற்றி எழுதிய 'அஸ்-ஸைதனா' ஒரு பொருளுக்குப் பல மொழிகளில் வழங்கும் பெயர்களை வரிசைப்படுத்துகிறது, இந்திய மொழிப் பெயர்களும் அவற்றுள் உண்டு. ஒரே மருந்து பல பெயரிலும், பல மருந்துகள் ஒரே பெயரிலும் விற்கப்படும் கடைத்தெருவை அறிந்தவர் எழுதிய நூல் அது. எனினும் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தவர் ரஷீதுத்தீன் அஸ்-ஸூரீ (மறைவு ஹிஜ்ரி 639, கி.பி. 1241) என்னும் மருத்துவர். அவர் லெபனான் மலைப்பகுதிகளுக்குச் செல்லும்போது வண்ணங்களோடு ஓர் ஓவியரையும் உடன் அழைத்துச் செல்வாராம். செடியை அது நிற்கும் இடத்திலேயே ஓவியருக்குக் காட்டி, நிறம், இலைகளின் எண்ணிக்கை, கிளை, வேர் ஆகியவற்றை வரையச் செய்வார். இளமையில் ஒருமுறை, முற்றி விதை கொண்டபோது ஒருமுறை, உலர்ந்தபின் ஒருமுறை என மூன்று நிலைகளில் அது வரையப்படும். மருந்தைத் தேடுபவர் எந்நிலையில் கண்டாலும் பிழையின்றி அறிதல் வேண்டும் என்பது நோக்கம். இச்செய்தியை நமக்குத் தந்தவர் மருத்துவர் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ. அந்த ஓவியங்கள் நமக்குக் கிடைத்திருந்தால்! அந்நூல் எஞ்சவில்லை.

அஸ்-ஸூரீயின் நெறிக்கு நம் கரையில் நான்கு நூற்றாண்டு கழித்து ஓர் இணை அமைந்தது. டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியர் கூறிய செடிகளை ஓவியர்கள் வரைந்தனர். அதன் படத்தட்டுகளில் செடியின் பெயர் மலையாளம் முதலிய எழுத்துகளோடு அரபு எழுத்திலும் பொறிக்கப்பட்டிருத்தல் நம் வாசகர் அறிய வேண்டுவது. மலபார்க் கடற்கரையில் மருந்து வணிகம் எவர் எழுத்தில் நடந்தது என்பதற்கு அச்செப்புத் தகடுகள் சான்று. 1692இல் வெளியான 11ஆம் தொகுதியில் 'கரிம்கோலா' என்றொரு நீர்ச்செடி காணப்படுகிறது. பெயரின் ஒலியே கருங்குவளையை நினைவூட்டும். ஆனால் அது அல்லி இனம் அன்று. வயலிலும் சேற்றிலும் வளரும் மோனோகோரியா இனம். சமயபுரத்தில் நண்பர் சுட்டிய செடியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. தமிழ்நாட்டுத் தாவர நூல்கள் சிலவும் மோனோகோரியா வஜினாலிஸ் என்னும் செடிக்குக் கருங்குவளை என்றே பெயர் தருகின்றன. ஆகவே நண்பர் கூறியது பிழையன்று. என் ஐயமும் பிழையன்று. ஒரு பெயர், இரண்டு பூ.

இவ்விரண்டுக்கும் அறிவியற்பெயர் அமைந்த வரலாற்றில் ஒரு வியப்பு உண்டு. நீலக் குவளைக்கு நிம்ஃபேயா நௌசாலி என்றும், வயற்பூவுக்குப் பொண்டெடேரியா வஜினாலிஸ் என்றும் பெயரிட்டவர் ஒருவரே: நிக்கோலாஸ் பர்மன் என்னும் டச்சுத் தாவரவியலாளர். இரு பெயர்களும் 1768இல் வெளிவந்த அவருடைய 'ஃப்ளோரா இண்டிகா' என்னும் ஒரே நூலில் இடம்பெற்றவை. தமிழ் வழக்கில் ஒரு பெயருக்குள் அடங்கிய இரு பூக்களும் அந்நூலில் வெவ்வேறு பக்கங்களில் நிற்கின்றன. 1827இல் பிரெஸல் என்பார் வயற்பூவைத் தனி இனமாக்கி மோனோகோரியா என்றார். 'ஒன்று தனித்து நிற்பது' என்பது அக்கிரேக்கப் பெயரின் கருத்து. அதன் பொருத்தம் பின்னர்ப் புலப்படும்.

அதே 1768இல் தரங்கம்பாடியில் கப்பலிலிருந்து இறங்கினார் யொஹான் கேர்ஹார்ட் கேனிக் என்னும் மருத்துவர். 1728இல் பிறந்தவர், தாவரவியலின் தந்தை எனப்படும் லின்னேயஸின் நேர் மாணவர். டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராக வந்த அவர், 1774இல் ஆற்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜாவின் இயற்கையியலாளராகப் பணியேற்றார். ஒரு முஸ்லிம் அரசவை ஒரு தாவரவியலாளரை ஊதியம் தந்து வைத்திருந்தது என்பதை நம் வரலாற்று நூல்கள் எழுதுவதில்லை. வாலாஜாவைப் பற்றிப் பேசப் புகுந்தால் கடனையும் கம்பெனியையும் பேசி முடித்துவிடுகிறோம். அவர் கடன்பட்டவர் என்பது உண்மை. கேனிக்கும் ஊதியம் போதாமையால் 1778இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணிக்கு மாறினார். எனினும் தென்னிந்தியத் தாவரங்களை லின்னேயஸின் முறைப்படி முதன்முதல் ஆராய்ந்தவருக்கு நான்காண்டுகள் சோறிட்டது ஆற்காட்டு அரசே. கேனிக்கின் பெயர் நம் சமையலறை வரை வந்துள்ளது. கறிவேப்பிலையின் அறிவியற்பெயரில் உள்ள 'கேனிகியை' என்பது அவரைக் குறிப்பதே.

அந்த நவாபின் ஆட்சி உறுதிப்பட்டதும் இந்த மண்ணில்தான். 1749இல் ஆம்பூர்ப் போரில் தந்தை அன்வருத்தீன் கான் வீழ்ந்தபின் இளைஞர் முஹம்மது அலீ திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் அடைக்கலம் புகுந்தார். 1752இல் அவருக்குத் துணையாக வந்த கிளைவின் படை சமயபுரத்தில் தங்கி, ஸ்ரீரங்கத்தில் இருந்த பிரெஞ்சுப் படைக்கும் புதுச்சேரிக்கும் உள்ள தொடர்பைத் துண்டித்தது. 1795இல் சென்னையில் மறைந்த வாலாஜாவின் உடல் திருச்சிராப்பள்ளியிலேயே, நத்தர்வலி தர்காவை அடுத்து அடங்கியிருக்கிறது.

நவாபின் கோட்டைக்கு அணித்தாகவே, தூய வளனார் கல்லூரியில், 1967இல் தொடங்கப்பெற்றது ராபினாட் உலர்தாவரக் காப்பகம். அதனை நிறுவிய கே.எம். மேத்யூ (1930–2004) என்னும் ஜெஸுவிட் துறவி, தம் மாணவருடன் சமவெளித் தமிழகத்தை ஊர் ஊராக நடந்து, 'தமிழ்நாடு கர்நாடகத் தாவரங்கள்' பற்றிய பெருநூலை 1981 முதல் 1983 வரை வெளியிட்டார். தலைப்பில் உள்ள கர்நாடகம் இன்றைய மாநிலம் அன்று. ஆற்காட்டு நவாபுகள் காலத்தில் 'கர்னாடிக்' எனப்பட்ட நம் கீழைச் சமவெளி. இத்தகைய காப்பகத்தில் ஒவ்வொரு தாளிலும் உலர்ந்த செடியின் அருகே ஒரு சீட்டு ஒட்டப்படும். சேகரித்த ஊர், நாள், நிலத்தின் தன்மை, பூவின் நிறம் ஆகியன அதில் இருக்கும். நிறத்தை எழுதி வைக்காவிடில் கடைக்காரரின் காகிதப் பொட்டலத்துக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. அஸ்-ஸூரீ ஓவியரைக் கொண்டு செய்ததை இவர்கள் சீட்டைக் கொண்டு செய்கின்றனர்.

இனி, வயலுக்குச் செல்லும் வாசகர் எதைப் பார்த்தல் வேண்டும் என்பதைக் கூறுவேன். சமயபுரம், மண்ணச்சநல்லூர்ப் பக்கத்தில் நீலமும் ஊதாவுமாகக் காணப்படும் நீர்ப்பூக்கள் மூன்றைக் குழப்பிக்கொள்ள இடமுண்டு.

குளத்துக் குவளைக்கு ஆழமான, கலங்காத நீர் வேண்டும். கிழங்கு சேற்றில் ஊன்றியிருக்கும். பிளவுள்ள வட்ட இலை மேற்பரப்பில் மிதக்கும். பூ காலையில் விரிந்து பிற்பகலில் கூம்பும். இரவில் விரிந்து முற்பகலில் கூம்புவது ஆம்பல். அதன் இலை விளிம்பில் கூர்ப்பற்களும் அடிப்புறத்தில் மென்மயிரும் உண்டு. பொழுதையும் இலையையும் பார்த்தாலே இவ்விரண்டும் பிரிந்துவிடும்.

வயற்குவளை ஆழத்தை நாடுவதில்லை. உழுது நீர் நிறுத்திய சேறு, வாய்க்காலின் ஓரம், மழைநீர் தேங்கும் பள்ளம் ஆகியனவே அதன் இருப்பிடம். நீர் மூடிய சேற்றில், காற்றுக் குறைந்த நிலையில் அதன் விதை நன்கு முளைக்கும். ஆகவே நெல்லுக்கு ஆயத்தம் செய்த வயல் அதற்கும் ஆயத்தமாகிவிடுகிறது. பூங்கொத்து இலைக்காம்பின் உறையைப் பிளந்துகொண்டு வெளிப்படும். 'வஜினாலிஸ்' என்னும் இலத்தீன் சொல் இவ்வுறையைக் குறித்தது. இதழ் ஆறு, மகரந்தக் கேசரமும் ஆறு. அவற்றுள் ஐந்து சிறியன, மஞ்சள் நிறம். ஒன்று மட்டும் பெரிது, நீல நிறம். தனித்து நிற்கும் அந்த ஒன்றே மோனோகோரியா என்னும் பெயருக்குக் காரணம். பூத்து முடிந்ததும் கொத்து வளைந்து நீரை நோக்கித் தாழும்.

மூன்றாவது, ஆகாயத்தாமரை. வெங்காயத்தாமரை என்பாரும் உளர். தென் அமெரிக்காவின் அமேசான் படுகையில் பிறந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அழகுச்செடியாக வங்காளத்தில் நுழைந்தது. அங்கே நீர்வழிகளை அடைத்து, 1936இல் அதற்கெனவே ஒரு சட்டம் இயற்றும் அளவுக்குப் பெருகிற்று. அதற்குச் சேறு வேண்டுவதில்லை. காற்றடைத்த குமிழ் போன்ற இலைக்காம்பின் துணையால் மிதக்கும். மேலிதழில் மயிற்கண் போன்ற மஞ்சள் புள்ளி உண்டு. வயற்குவளைக்கு இவ்விரண்டும் இல்லை. தூரத்திலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றுவதில் வியப்பில்லை, அவை உறவினர். 2018இல் வெளிவந்த ஆய்வொன்று மோனோகோரியாவையும் ஆகாயத்தாமரையையும் பொண்டெடேரியா என்னும் ஒரே இனத்துள் சேர்த்தது. பர்மன் 1768இல் இட்ட பெயரே இதனால் மீண்டும் உயிர்பெற்றது. உறவினராயினும் ஒன்று மண்ணின் குடி. மற்றது வந்தேறி நீரை மூடியது. குளத்தின் மேற்பரப்பை ஆகாயத்தாமரை மூடியபின் அடியில் உள்ள குவளைக் கிழங்குக்கு வெயில் எட்டுவதில்லை. ஆகாயத்தாமரையைக் குவளை என்று எண்ணிக் குளத்தில் விட்டுவைப்பது குவளையையே அழிக்கும்.

இத்தகைய பிழை எளிய மக்களுக்கு மட்டும் நேர்வதன்று. இலங்கை 1986இல் நீலோற்பலத்தைத் தேசியப் பூவாக அறிவித்தது. பின்னர்ப் பாடநூல்களிலும் அரசு வெளியீடுகளிலும் இடம்பெற்ற படம் பெரும்பாலும் அந்நாட்டுப் பூவினுடையது அன்று. அடர்ந்த ஊதா நிறமும் மிகுந்த இதழ்களும் கொண்ட அயல்வழிக் கலப்பு அல்லியினுடையது. மண்ணுக்குரிய பூ வெளிர்நீலம், இதழும் குறைவு. வேற்றுப்பூ கண்ணுக்குக் கூடுதல் அழகாக இருந்தமையால் விற்பனையிலும் வழிபாட்டிலும் அதுவே பரவியது. பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் இதனை எடுத்துக்காட்டி, 2017இல் அக்கலப்புக்குத் தனிப்பெயரும் சூட்டினர். ஒரு நாடு தன் அடையாளமாகக் கொண்ட பூவையே முப்பது ஆண்டுகள் மாற்றி வரைந்திருக்கிறது.

என் வினாவுக்கு விடை இதுவே எனக் கொள்கிறேன்: இலக்கியத்திலும் மருந்து நூலிலும் வரும் குவளையும் நீலூஃபரும் குளத்து நீல அல்லி, கருங்குவளை என்னும் உழவர் வழக்கு வயற்பூவுக்கும் உரியது. இரண்டு வழக்கையும் அகராதியில் வைத்துக்கொள்ளலாம். மருந்தில் மட்டும் கலந்துவிடலாகாது. எது எது என்பதை உறுதி செய்யும் சான்று அச்செடி நின்ற நீரின் ஆழம். அதனைக் கேட்டெழுதாத மருந்துப் பட்டியலை நான் நம்புவதில்லை.

வயற்குவளையைக் கையேட்டில் வரைந்துகொள்ள மறுநாளும் சமயபுரம் சென்றேன். ஓவியம் எனக்கு வராது. எனினும் கேசரங்களை எண்ணி எழுத முடிந்தது. ஐந்து மஞ்சள், ஒரு நீலம். வரப்பில் நின்ற பெண்மணி ஒருவர் நெடுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, 'அது களை பாய்' என்றார். பெயர் கேட்டேன். 'களைக்கு என்னங்க பேரு' என்று சிரித்தார். பிறகு, 'நாளன்னைக்குக் களை எடுக்க ஆள் வருது. பாக்கணும்னா அதுக்குள்ள பாத்துக்குங்க' என்றார்.